பாதரச வாத்தியார்

அரைகுறையாகப் படித்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் அப்படி ஒருவன் இருந்தான். அறிவியல் வாத்தியார். இன்று எதிரே வந்தால் ஓங்கி அறைவேன். (என்னைத்தான் சொல்கிறேன்.)

அப்போது என் மனைவி செல்விக்கு ஐந்தாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. தேறட்டும் என்று அவள் அண்ணன் பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில், கண்டக்டரின் வசவையும் வாங்கிக்கொண்டு, ஒகேனக்கல் கெண்டை கொண்டுவந்தார். செல்வி ஆசையாகக் குழம்பு வைத்தாள்.

அன்று காலை நான் வாங்கிய வேர்க்கடலையைப் பொட்டலம் கட்டியிருந்தது ஒரு பழைய செய்தித்தாள் துண்டில். ஜப்பானில் மீனில் பாதரசம், தின்றவர்களுக்குக் கை கால் விளங்கவில்லை, கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை என்று போட்டிருந்தது. மீதிச் செய்தி யாருடைய கடலையோடு போனதோ!

செல்வி முதல் கவளத்தை எடுத்தாள். தட்டைப் பிடுங்கினேன். சட்டியைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தேன்.

"அஞ்சு மாசத்துல இன்னைக்குத்தான் பசிச்சுது. உங்களுக்குப் பைத்தியமா?" என்று கத்தினாள்.

"ஏன் மாப்ள, நாங்க தலைமுறையாத் தின்னுட்டுத்தானுங்க இருக்கறோம்?" என்றார் மச்சான். முகம் சிவந்திருந்தது.

"படிக்காதவங்களுக்கு இது புரியாது" என்றேன். (எழுதும்போதே கூசுகிறது.)

நிரூபித்தே தீருவேன் என்று இருவரையும் செல்விக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு எரிந்து விழுந்தார். "அது ஃபேக்டரிக் கழிவு விழுந்த கடல். அதில்லாம, சின்ன மீனைத் தின்னு வளர்ற பெரிய கடல் மீன்லதான் பாதரசம் அதிகம் சேரும். உங்க ஆத்துக் கெண்டை என்ன பண்ணுச்சு? ரத்தமே இல்லாத பொண்ணுகிட்ட இருந்து மீனைப் புடுங்கியிருக்கீங்களே! பாதரசத்தைக் கண்ணாலயாவது பார்த்திருக்கீங்களா?"

ரோஷம் வந்துவிட்டது. "வூட்டுலயே வெச்சிருக்கேன் டாக்டர்! ஸ்கூல்ல உடைஞ்ச தெர்மாமீட்டர்ல இருந்து எடுத்தது. இங்க் பாட்டில்ல ஊத்தி, அடுப்படி அலமாரியில. அப்பப்போ உள்ளங்கையில உருட்டிக் காட்டுவேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"அடுப்படியிலயா?" என்று செல்வி கேட்டாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அதோட ஆவிதான்யா விஷம்! அது வெளிய போற வரைக்கும் இவங்க அந்த வூட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார் டாக்டரம்மா. மச்சான் அங்கிருந்தே தங்கையைக் கையோடு பென்னாகரத்துக்கு அழைத்துப் போய்விட்டார்.

பாட்டிலை இறுக மூடிப் பள்ளி ஆய்வகத்தில் ஒப்படைத்தேன். பிரசவம் வரை ஞாயிறுதோறும் பென்னாகரம் போய், செல்வி எதிரே உட்கார்ந்து பார்க்க, மீன் கழுவினேன். ஒரு ஞாயிறுகூட அவள் சிரிக்கவில்லை. நல்லவேளை, மகள் குறையில்லாமல் பிறந்தாள். அதற்கு நான் எந்த விதத்திலும் காரணமில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால் முதல் துண்டு என் தட்டில்தான் விழும். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்ப்பார்கள். நான் விழுங்கியதும் செல்வி சொல்வாள்:

"உசுரு இருக்குது. நீங்கள்லாம் சாப்பிடுங்க."