உறிஞ்சியார் வளர்த்த கடல்

"எதிர்வரும் பொசன் போயாவுக்கு முன்னர் கடல் இந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அல்லது கடலின் சொந்தக்காரர் வெளியேற வேண்டும்."

1996ஆம் ஆண்டு, வெள்ளவத்தையில் நாங்கள் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டின் மாடிப்படியருகே ஒட்டப்பட்டிருந்த அறிவித்தல் இது. ஒட்டியவர் வீட்டுக்கார அன்ரி. பொசன் போயா என்பது வெசாக்குக்கு அடுத்து வரும் பௌர்ணமி விடுமுறை. பிற்காலத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பதால், அன்றைய திகதியிட்டு அதை அப்படியே டயரியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கொழும்பில் கடலைப் பார்த்தவர்கள் ஏராளம். கடலில் குளித்தவர்களும் உண்டு. ஆனால் பொலிஸ் பதிவு இல்லாமல் கடலுக்குத் தங்க இடம் கொடுத்தவர் எனக்குத் தெரிந்து உறிஞ்சியார் ஒருவர்தான்.

அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்களான நாங்கள். அவர் மலையகத்தவர். கொள்ளுப்பிட்டியில் ஒரு தேயிலைக் கம்பெனியின் சுவை பார்க்கும் அறையில் கேத்தல் வைப்பது, கோப்பை அடுக்குவது அவர் வேலை. சுவை பார்க்கும் துரைமார் கரண்டியால் தேநீரை எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டித் துப்புவார்கள். வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றதில் இவருக்கும் அது தொற்றிவிட்டது. சொதி, ரசம், இருமல் மருந்து எதுவானாலும் உறிஞ்சி உருட்டித்தான் உள்ளே அனுப்புவார். அவர் சாப்பிட உட்கார்ந்தால் வெளியே காலிக்குப் போகும் வீதியில் பஸ் பிரேக் பிடிப்பதாக நினைத்து எட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வெசாக் பௌர்ணமி முடிந்த கையோடு ஒருநாள் ஓட்டோவில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்தது. பின்னாலேயே ஈரச் சாக்கில் கடற்பாறைத் துண்டுகள். அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஓரிடத்தில் கழித்துப் போட்டவையாம்.

"ரிஜெக்ட் பண்ணுன கல்லு தம்பி" என்றார் பெருமையாக. "ரிஜெக்ட் பண்ணுனதை வச்சுத்தான் நான் யாருன்னு காட்டணும்."

"மீன் எங்கை?" என்று கேட்டேன்.

"மீனா? தேயிலையை வாட்டாம அரைப்பாங்களா? மொதல்ல கல்லு தண்ணியில பழகணும். கொஞ்ச வாரம் போகட்டும்."

கல் பழகியது. பழகும்போது நாறியது. பாறைக்குள் இருந்த சிறு உயிர்களில் பாதி செத்துப் போக, அந்த நாற்றம் மாடியிலிருந்து இறங்கி அன்ரியின் சாமியறைக்குள் நுழைந்தது. சாம்பிராணி தோற்றது. அறிவித்தல் ஏறியது.

இன்றைய வாசகர்களுக்கு அந்த அறிவித்தலின் கனம் தெரியாது. அது போர்க்காலம். கொழும்பில் தங்கும் தமிழன் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். பதிவு நிற்பது வீட்டுக்காரரின் வாயில். அன்ரி "இவர் இங்கை இல்லை" என்று சொல்லிவிட்டால், வேறிடம் கிடைக்கும்வரை உறிஞ்சியார் தெருவில் மட்டுமல்ல, சந்தேகத்திலும் நிற்க வேண்டும்.

"பேசாமல் தொட்டியைக் குடுத்துவிடுங்கோவன் அண்ணை" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒப்பந்தம்னு சொல்லி எங்க அண்ணனக் குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துனாங்க தம்பி. போறியான்னு ஒருத்தனும் கேக்கல. கடல் அவனை எடுத்துக்கிருச்சு. இப்ப நான் அதுல கொஞ்சூண்டு எடுத்து வச்சிருக்கேன். போகச் சொன்னா? போகாது. நானும் போக மாட்டேன்."

நான் இன்னொரு துணியை எடுத்து மறுபக்கக் கண்ணாடியைத் துடைத்தேன்.

கொஞ்ச நாளில் பாறை, மணல், கண்ணாடி எல்லாவற்றிலும் பழுப்புப் பாசி படர்ந்தது. தொட்டி செத்துவிட்டது என்று நாங்கள் துக்கம் விசாரிக்கப் போனோம். அவரோ, "இலைக்கு மாதிரியே நெறம் புடிச்சிருச்சு!" என்று ஆளுக்கொரு பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

தண்ணீர் எடுக்கக் காலையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடலுக்குப் போவார். துணைக்கு நான். ஒவ்வோரிடமாக உறிஞ்சித் துப்பி, தேயிலைக்குப்போலவே தரம் பிரிப்பார். கால்வாய் வந்து விழும் பக்கம் "வெறும் டஸ்ட்டு." பம்பலப்பிட்டிப் பக்கம் "நல்ல தரம், பீ.ஓ.பி.ன்னு சொல்லலாம்."

ஒருநாள் திரும்பும் வழியில் காவலரணில் மறித்தார்கள். இரண்டு தமிழர், நான்கு கேன், நிறையத் திரவம். ஆமிக்காரர் கேனைத் துவக்கு முனையால் தட்டி, "மேக்க மொக்கத?" என்றார். இது என்ன என்று.

"முஹுது வத்துர, மஹத்தயா" என்றார் உறிஞ்சியார். கடல் தண்ணீர் ஐயா என்று.

ஆமிக்காரர் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். கடல் அங்கேயே இருக்கும்போது அதை ஏன் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது. அதற்குள் உறிஞ்சியார் சட்டைப் பையிலிருந்து கரண்டியை எடுத்து, ஒவ்வொரு கேனிலும் ஒரு கரண்டி, ஊரே கேட்க உறிஞ்சி, உருட்டி, மணல் மூட்டைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் துப்பினார். நான்காவது கேனுக்கு முகம் சுளித்து, "இது சரியில்ல தம்பி" என்று அங்கேயே கொட்டிவிட்டார்.

"பிஸ்ஸுத?" பைத்தியமா என்று ஆமிக்காரர் கேட்டது என்னிடம்.

உறிஞ்சியாரே முந்திக்கொண்டார். "ஒவ் மஹத்தயா. யண்டத?" ஆமாம் ஐயா, போகலாமா?

விட்டுவிட்டார்கள்.

அது எட்டு மணித்தியால மின்வெட்டுக் காலம். மின்சாரம் நின்றால் காற்று மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் தண்ணீர் மூச்சு விடாது. உறிஞ்சியார் அதற்கும் அடங்கவில்லை. பின்னேரங்களில் மாடியில் இருந்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு ஜக்கைக் கொடுத்தார். தேநீர் ஆற்றுவதுபோலத் தலைக்கு மேலிருந்து இடுப்புக்கு ஊற்ற வேண்டும். பிறகு தொட்டிக்குள்.

"ஆத்துங்க, நல்லா ஆத்துங்க! நொரை வரணும்!"

லண்டன் விசாவுக்காகக் காத்திருந்த ஒருவர் முணுமுணுத்தார்: "நான் எம்பசிக்காரருக்கு என்ன எண்டு சொல்லுறது? கொழும்பிலை கடல் ஆத்தினனான் எண்டோ?"

"எக்ஸ்பீரியன்ஸ்னு சொல்லுங்க!" என்றார் உறிஞ்சியார்.

ஒரு கல்லோடு ஒட்டி வந்த கடற்சாமந்தி ஒன்று மெல்ல விரிந்தது. பூப்போலத் தோற்றம், ஆனால் அது பிராணி. உறிஞ்சியார் அதனிடம் காலையில் "எந்திரிச்சாச்சா?" என்று கேட்பார். போயாவுக்கு ஒரு கிழமை இருக்கையில் அது சுருங்கத் தொடங்கியது. இரண்டொரு நாளில் மூடிய கைபோலாகிவிட்டது. நாற்றமும் மறுபடி தலைகாட்டியது.

நான் நூலகத்தில் மீன்தொட்டி வளர்ப்புப் புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்திருந்தேன். "அண்ணை, ஆவியாகிறது தண்ணி மட்டும்தான். உப்புத் தொட்டியிலையே நிக்கும். குறையிற அளவுக்கு நீங்கள் திரும்பவும் கடல் தண்ணியை விடுறியள். உப்பு ஏறிக்கொண்டு போகுது. நல்ல தண்ணி விடவேணும்."

அவர் ஒரு கரண்டி உறிஞ்சினார். "சரியாத்தான் இருக்கு. உங்க புத்தகத்துக்கு நாக்கு இருக்கா தம்பி?"

அன்றைக்குப் பகல் அன்ரி கத்தரிக்காய்க் கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். ஒருவராலும் இரண்டாம் வாய் வைக்க முடியவில்லை. உறிஞ்சியார் மட்டும் உறிஞ்சி, உருட்டி, விழுங்கி, "அம்மா, இன்னைக்குத்தான் கறி எடுப்பா இருக்கு" என்றார்.

அன்ரி கறியை நக்கிப் பார்த்தார். உறிஞ்சியாரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து மாடிக்கு ஏறினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அன்ரி தொட்டிக்குள் விரலை விட்டு வாயில் வைத்தார்.

"ஐயோ கடவுளே! இதென்ன கடலோ, கருவாட்டுப் பானையோ? அந்த வாயில்லாச் சீவன் எப்பிடி இதுக்குள்ளை கிடக்கும்? மனிசா, உங்கடை நாக்குச் செத்துப்போச்சு!"

உறிஞ்சியார் வெளிறிப்போனார். நாக்கு என்பது அவருக்குக் கைகால் மாதிரி. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வாரக்கணக்காகக் காலையும் மாலையும் உப்புத் தண்ணீரை உருட்டிய நாக்கு வேறென்ன செய்யும்?

"எழும்புங்கோ" என்றார் அன்ரி. "கேத்தலை வையுங்கோ. கொதிச்சாறின தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விடுவம். ஒரேயடியா விட்டா அதுக்குத் தாங்காது. நான் ருசி பாக்கிறன். எண்டாலும் போயா போயாதான், சொல்லிப்போட்டன்!"

அடுத்த நாட்களில் உறிஞ்சியார் ஊற்ற, அன்ரி விரல் விட்டுப் பார்த்து, "இன்னும்", "காணும், நாளைக்கு" என்று உத்தரவிட்டார். மாடிப்படி அறிவித்தலை மட்டும் கிழிக்கவில்லை.

போயா விடிந்தது. சாமந்தி பாதி விரிந்திருந்தது. அன்ரி தீர்ப்புச் சொல்ல ஏறி வருவதற்குள் பொலிஸார் தேடுதலுக்காக லேனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் வந்த பொலிஸ் அதிகாரி மாடியில் கேன்களையும் ரப்பர் குழாய்களையும் மோட்டாரையும் கண்டு நின்றார். உறிஞ்சியாரின் அடையாள அட்டையை வாங்கினார். மலையக முகவரி. வெள்ளவத்தையில் உனக்கு என்ன வேலை, இதெல்லாம் யாருடையது என்று சிங்களத்தில் அதட்டினார். உறிஞ்சியார் வாயைத் திறப்பதற்குள் வாசலில் அன்ரியின் குரல் கேட்டது.

"மகே."

என்னுடையது. அன்ரி உள்ளே வந்து தொட்டிக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்றார். உறிஞ்சியாரைக் காட்டி, "எயாத் அபே கெதர கெனெக்" என்றார். இவரும் எங்கள் வீட்டு ஆள். அதிகாரி அன்ரியை ஒருமுறை பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் லேனைத் தாண்டியதும் அன்ரி உறிஞ்சியார் பக்கம் திரும்பினார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கரண்ட் போகப்போகுது. ஜக்கை எடுங்கோ."

தொட்டி மேலும் சில வருடம் அந்த அறையில் இருந்தது. பட்டி போட்ட செம்மஞ்சள் மீன்கள் இரண்டு வந்து சேர்ந்தன. உறிஞ்சியார் ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பியபோது நான் நாட்டில் இல்லை. இப்போது தலவாக்கலைப் பக்கம், கடலிலிருந்து அவ்வளவு உயரத்தில், குளிரில், ஒரு வீட்டுக் கூடத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருப்பதாக ஒருவர் சொன்னார். அது அவருடைய வீடுதானா என்பதை இன்றுவரை உறுதிப்படுத்திக்கொள்ளவில்லை. திகதி தவறினாலே தூக்கம் வராத எனக்கு, அங்கே போய் "இல்லை" என்ற பதிலைக் கேட்டுவர மட்டும் மனம் வரவில்லை.