பத்துக்கு ஒன்று இலவசம்

நகர அலுவலகத்தில் வரும் முதல் தேதியிலிருந்து நேர்மை அமலுக்கு வருகிறது என்று சுற்றறிக்கை வந்தது. அலுவலர் ஒவ்வொருவரும் வெளியாட்களிடம் பெற்ற ஆதாயம், அவர்களோடு கொண்ட உறவு, நட்பு, பகை ஆகிய சகலத்தையும் பத்துப் பக்கப் படிவத்தில் ஒளிவுமறைவின்றி எழுதி, மூன்று நகல் ஒப்படைக்க வேண்டும். படிவத்தில் யாருடைய பேரை எழுதுகிறாரோ, அந்த ஆளின் கோப்பை அப்புறம் அவர் விரலாலும் தொடக்கூடாது.

எதிர்வாசல் ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. அலுவலகத்து மெஷின் படுத்து ஒரு வருஷமாகிறது. இருநூற்றுப் பத்துப் பேர் அவள் கடையில்தான் வந்து நின்றார்கள்.

அக்கா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். பேப்பர் விற்கிறவனும் இங்க் விற்கிறவனும் அவளிடம் விலை சொல்லிவிட்டு, அவள் பேரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். கோபம் எந்நேரமும் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் கடை திறந்த நாள் முதல் அவளுக்கு ஒரு வழக்கம். பத்துப் பக்கம் எடுத்தால் ஒரு பக்கத்துக்குக் காசு வாங்கமாட்டாள். மந்திரியோ பிச்சைக்காரரோ, எல்லாருக்கும் ஒரே சட்டம்.

மூன்று நகல் என்றால் முப்பது பக்கம். அதில் மூன்று பக்கம் இலவசம். புதிதாக நேர்மை வந்த வேகத்தில் இருநூற்றுப் பத்துப் பேரும் அதைப் படிவத்தில் சேர்த்தார்கள்: "ஜெராக்ஸ் கடையில் மூன்று பக்கம் இலவசமாகப் பெற்றேன்." திருத்திய படிவத்தை மறுபடி நகலெடுக்க வேண்டுமல்லவா? எடுத்தார்கள். இன்னும் மூன்று பக்கம் இலவசம். அதையும் எழுதினார்கள். அதை நகலெடுத்தார்கள். மூன்றாம் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த அன்று, அக்காவின் மெஷின் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியோடு அவள் கடை உரிமம் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் சீல். கட்டணம் கட்டிய ரசீதோடு அக்கா உரிமப் பிரிவுக்குப் போனாள். அவளைக் கண்டதும் எழுத்தர் இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"அக்கா, உங்க கோப்பை நான் தொடமுடியாது. நீங்க எனக்கு வேண்டியவங்க."

"யாருக்கு யாரு வேண்டியவங்க? போன வாரம் பக்கம் கோணலா வந்திருக்குன்னு என் கடை வாசல்ல நின்னு குதிச்சீங்களே."

"அதையும் எழுதியிருக்கேன். எட்டாம் பத்தி. பகை."

"அப்ப உறவா, பகையா?"

"ரெண்டும். அதனாலதான் ரெண்டு கையும் கீழ இருக்கு."

அக்கா நேராக நேர்மை அலுவலர் அறைக்குப் போனாள். வெளிப்படைத்தன்மைக்காக அந்த அறையின் கதவைக் கழற்றியிருந்தார்கள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு கருங்கல் இருந்தது.

"சார், பத்து நாள்ல என் கடைக்குப் பூட்டு போட்டுடுவாங்க. யார்தான் கையெழுத்து போடுவாங்க?"

"யாரும் முடியாதும்மா. இருநூத்திப் பத்துப் பேரும் உங்ககிட்ட ஆதாயம் அடைஞ்சிருக்காங்க."

"அந்தப் பக்கத்தை எல்லாம் திருப்பி வாங்கிக்கறேன்."

"வாங்கினா, கொடுக்கல் வாங்கல் ஆயிடும். அதுக்குத் தனிப் படிவம்."

"வெளியூர்லேருந்து ஒருத்தரை வரவழைங்க."

"வரவழைச்சோம். முந்தாநாள் வந்தார், நேத்தே திரும்பிட்டார். பதவி ஏத்ததும் அவரும் படிவம் தரணுமில்லையா? எங்க நகல் எடுத்திருப்பார்?"

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. தோல் பை வைத்திருந்த நெட்டை மனிதர். மூன்று பக்கம் தள்ளிக் கொடுத்ததற்கு இரண்டு தடவை நன்றி சொன்னார்.

"நீங்களே போடுங்களேன்."

"போட்டிருப்பேன், என் படிவத்துக்கு நகல் கிடையாது. ஆனா இவ்வளவு நேரம் பேசினதுல உங்க மேல எனக்கு அனுதாபம் வந்துடுச்சு." அவர் ஒரு கல்லைத் தூக்கித் தன் படிவத்தை எடுத்து, அதையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் பெரிய பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "ஒருத்தர் இருக்கார். யாரோடயும் உறவில்லை, பகையில்லை. எந்த ஆதாயமும் இல்லை. வராந்தா கடைசி அறை."

வராந்தா கடைசி அறை பீரோ சாருடையது. பெற்றோர் வைத்த பேர் யாருக்கும் நினைவில்லை. அவரிடம் உரிமம் கேட்டுப் போனவர் எவராயினும், போகும்போது அவருடைய மச்சான் கடையில் ஒரு பீரோ வாங்கிக்கொண்டுதான் வீடு சேர்வார். ஊரில் துணியே இல்லாத வீட்டிலும் பீரோ உண்டு.

"அவரா? சார், அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன, பதிவேட்டுக்குத் தெரியணுமே. அவர் படிவமே தரலை. ஏன் தரலைன்னு விளக்கம் கேட்டோம். அதுக்கும் பதில் தரலை. ஆகவே இன்றைய தேதிக்கு இந்தக் கட்டடத்திலேயே சுத்தமான அலுவலர் அவர்தான்."

பன்னிரண்டு வருஷமாக அக்கா அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அன்று போனாள். பீரோ சார் தலை நிமிராமல் சொன்னார்:

"ரெண்டு கதவு பீரோ. கண்ணாடி வச்சது."

"என் கடையில ஒரு ஆள் திரும்பினா இன்னொரு ஆள் வெளிய நிக்கணும். பீரோவை உள்ள வச்சா மெஷினை ரோட்ல வைக்கணும் சார்."

"வீட்ல வைங்க."

"வீட்ல இருக்கறதே நாலு சேலை. அதுக்கு ரெண்டு கதவா?"

"அப்ப ஒரு கதவு."

"உங்க மச்சான் பீரோ ரெண்டாவது மழைக்குத் துருப்பிடிக்குதுன்னு ஊரே சொல்லுது."

பீரோ சார் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தார். இந்த மேஜைக்கு முன்னால் இதுவரை யாரும் சரக்கைக் குறை சொன்னதில்லை. அக்காவுக்குச் சூடு பிடித்தது. பீரோ கட்டிலாயிற்று. கட்டில் மேஜையாயிற்று. மேஜை இரண்டு நாற்காலியாயிற்று. அக்கா எழுந்து வாசல்வரை போனாள். போவது போலப் போனாள். பின்னாலிருந்து குரல் வந்தது:

"சரி, ஒரு நாற்காலி. கைப்பிடி இல்லாதது."

கையெழுத்து விழுந்தது.

சாயங்காலம் நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு ராணி மாதிரி கடைக்கு வந்தாள். லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்த புருஷனிடம் முழுக் கதையையும் சொன்னாள். "கண்ணாடி பீரோவில ஆரம்பிச்சான். எங்க கொண்டுவந்து நிறுத்தினேன் பாத்தியா?"

அவன் நாற்காலியைத் தட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உரிமத்துக்குத்தான் பணம் கட்டி ரசீது வச்சிருக்கியே. இது எதுக்கு?"

அக்கா நாற்காலியை எந்த மூலையில் போடலாம் என்று வெகுநேரம் இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி அலுவலகத்தில் பரவியது. எழுதினவன் கை மேஜைக்குக் கீழே, எழுதாதவன் கை மேஜைக்கு மேலே என்பது எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. அடுத்த வருஷம் ஒருவரும் படிவம் தரவில்லை. கோப்புகள் பறந்தன. பதிவேட்டில் ஆதாயம் பெற்றவர் ஒருவர்கூட இல்லை என்பதால், மாண்புமிகு நகர நிர்வாகம் இருநூற்றுப் பதினோரு பேருக்கும் நேர்மைச் சான்றிதழ் வழங்கத் தீர்மானித்தது. நகலெடுக்க நேர்மை அலுவலரே நேரில் வந்தார்.

அக்கா இருநூற்றுப் பதினோரு பக்கம் ஓட்டினாள். பழைய வழக்கப்படி இருபத்தோரு பக்கத்தைக் கழித்துக் கணக்கு சொன்னாள். அதை எழுதிக்கொள்ள அவர் பேனாவை எடுக்கவில்லை. சான்றிதழ்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மெஷின் சூடு ஆறும் வரை மூலையிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வசதியாக இருந்தது போல. சாய்ந்தும் பார்த்தார்.

"நல்ல நாற்காலிம்மா. எங்க வாங்கினீங்க?"

அக்கா வாய் திறந்தாள். அவர் சட்டென்று கையைக் காட்டித் தடுத்தார்.

"வேண்டாம், சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா எழுத வேண்டியதாயிடும்."

அக்கா சொல்லவில்லை. மறுபடி உரிமம் புதுப்பிக்க இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.