நாங்க வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல

அமெரிக்காவைக் கண்டுபிடித்தது யார் என்று பள்ளிக்கூடத்தில் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், வாசகரே. கண்டுபிடித்தவர்கள் முந்திவந்தார் என்னும் இனத்தார். உங்களுக்குக் கொஞ்சம் முன்னால் விமானத்திலிருந்து இறங்கிய எவரும் இதில் சேரலாம். நியூஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வசிக்கும் கோபிசெட்டிபாளையத்து நஞ்சுண்டன் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. வந்தது 1990இல். அதற்கு முன்னால் அந்த ஊர் இருந்ததா என்பதே அவருக்குச் சந்தேகம்.

புதிதாக ஒரு குடும்பம், பெட்டியில் ஒட்டிய ஏர்லைன்ஸ் டேக்கைக்கூடக் கிழிக்காமல் அவர் வீட்டுக்கு வந்து, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும். மனிதர் சோபாவில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, தாம் வந்த காலத்தில் கறிவேப்பிலைக்காகப் பனியில் எடிசன் வரை வண்டி ஓட்டியதையும், போய்ச் சேர்ந்தால் கடை பூட்டிக் கிடந்ததையும், திரும்பும் வழியில் ஒரு மான் குறுக்கே வந்ததையும், அது அந்தக் காலத்து மான் என்பதால் மரியாதையாக ஒதுங்கி நின்றதையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவி சாந்தாமணி இரண்டாவது காபியும் போட்டுவிடுவாள். கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்? அது கடைசிவரை தெரியாது.

“இப்ப பரவால்லீங்க. நாங்க வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல” என்று முடிப்பார்.

“தெர் வாஸ் எ மால், அப்பா” என்பாள் மகள் யாமினி.

“அதெல்லாம் கணக்குல வராது கண்ணு.”

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? கேளுங்கள். சாந்தாமணி ஞாயிறுதோறும் ஒரு சர்ச்சின் பேஸ்மெண்டில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்திவந்தாள். கோடை முதல் அந்த அறை தங்களுக்கே வேண்டும் என்று சர்ச்சில் சொல்லிவிட்டார்கள். நல்லவேளையாக ஒரு பழைய களஞ்சியக் கொட்டகை விலைக்கு வந்தது. அதை வாங்கி மண்டபமாக்கினால் வகுப்பு, பொங்கல், நவராத்திரி எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு கூரை. டவுன் போர்டு சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு பொதுக் கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம்.

தமிழர் தரப்பில் பேச முந்திவந்தாரைவிட்டால் வேறு யார்?

“ஏனுங்க, இது கெடைக்கலீன்னா கிளாஸை மூட வேண்டியதுதான்” என்றாள் சாந்தாமணி. “எழுதிக் குடுத்ததை மட்டும் படிச்சுட்டு உக்காந்துருங்க. பழைய கதை வேண்டாம்.”

“எனக்குப் பேசத் தெரியாதா?”

தெரியும். அதுதான் அவள் பயம்.

கூட்டத்தில் அவருக்கு முன்னால் எழுந்தவர் மிஸஸ் ஹான்லன் என்ற வெள்ளைக்காரக் கிழவி. மண்டபம் வேண்டாம் என்கிற கட்சி. மைக்கைப் பிடித்து முதல் வரியிலேயே சொன்னார்: “நாங்கள் வந்தபோது இங்கே ஒன்றுமே இல்லை. வெறும் சோளக்காடு.”

நஞ்சுண்டனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தம் வசனம். அதுவும் தமக்கு முப்பது நாற்பது வருஷம் முன்னாலேயே வந்தவர் வாயிலிருந்து. இதைக் கேட்டுவிட்டு ஒரு முந்திவந்தார் சும்மா இருப்பாரா? தம் முறை வந்ததும் சாந்தாமணி எழுதிக் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“இந்த அம்மையார் சொன்னது சத்தியம்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். தாம் வந்தபோது ரோடு எப்படி வெறிச்சென்று கிடந்தது, ராத்திரி எவ்வளவு நிசப்தம், எங்கே வேண்டுமானாலும் காரை நிறுத்தலாம், அப்புறம் எங்கிருந்தோ புதுசு புதுசாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள், ஒரே வண்டி, ஒரே கூட்டம், இப்போது வருகிறவர்களுக்கு ஊரின் அருமை தெரிவதில்லை என்று உருகினார். எதிர்க்கட்சி எழுந்து நின்று கைதட்டியது. மிஸஸ் ஹான்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்படியானால் நீங்கள் மண்டபத்தை எதிர்க்கிறீர்கள், சரிதானே?” என்றார் தலைவர்.

நஞ்சுண்டன் திடுக்கிட்டு வாயைத் திறந்தார். மணி அடித்தது. மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது.

ஒரே ஒரு ஓட்டில் மண்டபம் போயிற்று.

சாந்தாமணிக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட வேகமாக வந்தது. காரில், “அந்தம்மா எனக்குக் கை குடுத்துச்சு, பாத்தியா?” என்று நஞ்சுண்டன் மெல்ல ஆரம்பித்தார். சிக்னலில் வண்டி நின்றதும் அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“இனிமே கிளாஸ் நம்ம வீட்டு பேஸ்மெண்ட்ல. உங்க பெரிய டிவி, சோபா எல்லாம் கராஜுக்குப் போகுது. கராஜ்ல இருக்கற உங்க கார் ரோட்டுல நிக்கட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தெரு கொள்ளாமல் வண்டிகள். நஞ்சுண்டன் பார்த்துப் பார்த்து வளர்த்த புல்தரையில் ஒரு வேன் ஏறி நின்றது. அதிலிருந்து இறங்கிய புது அப்பா ஒருவர், “பார்க்கிங் எப்பவுமே இவ்ளோ கஷ்டமா அங்கிள்?” என்று கேட்டார்.

“நாங்க வந்தப்போ” என்று தொடங்கினார் நஞ்சுண்டன். வாசற்படியில் சாந்தாமணி நின்றிருந்தாள். “அந்தப் பக்கம் எடம் இருக்குதுங்க” என்று முடித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அமெரிக்காவே போனதில்லை, வேளச்சேரியில்தான் இருக்கிறீர்கள், உங்களுக்கு இந்த வியாதி இல்லை. நல்லது. நாளைக்கு எதிர்வீட்டில் லாரி வந்து நிற்கும். பீரோவும் கட்டிலும் இறங்கும். புதிதாக வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இங்கே தண்ணி லாரி எப்போது வரும் என்று உங்களைத்தான் கேட்பார். எப்போது வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள் பார்க்கலாம்.