குதிரை பேரமும் என் கல்யாணமும்

மொழிபெயர்க்கத் தெரியும் என்று யாரிடமும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. நீச்சல் தெரியும் என்று சொன்னால் தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் ஆபத்து. மொழிபெயர்ப்பு தெரியும் என்று சொன்னால் மைக் இருக்கிற இடமெல்லாம் ஆபத்து. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சராகச் சேர்ந்த புதிதில் நான் இதை ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். (திமிர்தான், வேறென்ன.)

அந்த ஆண்டு விழா நடக்கும்போது என் கல்யாணம் ஊசலாடிக்கொண்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் போய்வந்த பழக்கத்தில் சரவணனும் நானும் காதலித்துவிட்டோம். அவன் அப்பா தணிகாசலம், கெடார் பக்கத்து ஒன்றியக் கவுன்சிலர். காதல் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து மகனோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர், கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். எங்கள் பள்ளித் தாளாளர் அவருடைய பழைய சிநேகிதர். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அவரைத்தான் அழைத்திருந்தார். அங்கேயே பெண்ணைப் பார்த்துக்கொள்கிறேன், பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்கவில்லையென்றால் இத்தோடு மறந்துவிடு என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

இதில் ஒரு சிக்கல். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர் ஜெயித்த கட்சியை விட்டு எதிர்க்கட்சிக்குப் போயிருந்தார். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டி அவரைக் கிழித்தார்கள். டீக்கடையில் எவனோ, "அண்ணே, இன்னிக்கு எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டான் என்று அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். விழாவுக்கு முதல் நாள் சரவணன் என்னிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

"அப்பாகிட்ட எது வேணா பேசு. கட்சி, தாவுறது, இந்த ரெண்டு மட்டும் வாயில வந்துடக் கூடாது. எங்க வீட்ல பூனை ஜன்னல்ல ஏறினாகூட நாங்க தாவுதுன்னு சொல்றதில்ல."

ஆண்டு விழாவில் நான் எதற்குக் கட்சியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சிரித்தேன்.

பாண்டிச்சேரியில் தங்கியிருந்த மார்கரெட் என்ற ஆங்கிலேய அம்மாளையும் தாளாளர் மேடையேற்றியிருந்தார். மாணவர்களுக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்க, அவர் தன் கொள்ளுத்தாத்தாவையே எடுத்துக்கொண்டார். கொள்ளுத்தாத்தா ஒரு பிரபு. வரிக்கு வரி தமிழில் சொல்வது என் வேலை. என்ன பேசப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

ஆரம்பம் அமர்க்களம். பிரபு இளம் வயதில் குதிரைப்படை அதிகாரி. போர்க்களத்தில் குண்டடிபட்டுக் குதிரை விழுந்தும் எழுந்து ஓடிப் படையை நடத்தினாராம். நான் குரலை ஏற்றி இறக்கிச் சொன்னதில் பிள்ளைகள் கைதட்டினார்கள். கவுன்சிலர் தாளாளர் பக்கம் சாய்ந்து, "பொண்ணு நல்லா பேசுதே" என்றது என் காதில் விழுந்தது. அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

அடுத்து அரசியல். பிரபு நாடாளுமன்றத்துக்குப் போனார், சில வருஷத்தில் 'கிராஸ்டு த ஃப்ளோர்' என்றார் மார்கரெட். நானும் அப்படியே தரையைக் கடந்தார் என்றேன். கூட்டம் விழித்தது. (தரையைக் கடக்காமல் பறந்தா போவார்?) யாருக்கும் புரியவில்லை என்று கண்ட அந்த அம்மாள், மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய், கவுன்சிலர் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார். சபையில் எதிர்வரிசைக்குப் போய் உட்கார்வதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்கிய சந்தோஷத்தில் மைக்கில் முழங்கினேன்.

"அதாவது, பிரபு கட்சி தாவிவிட்டார்."

பின்வரிசையில் யாரோ ஒரு மாணவனின் அப்பா களுக்கென்று சிரித்தார். அவருக்குப் பக்கத்திலிருந்த சரவணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அப்போதாவது எனக்கு மயக்கம் வந்திருக்கலாம், வரவில்லை. மார்கரெட் பந்தயக் குதிரைக்கு வந்துவிட்டார். பிரபு பெரிய குதிரைப் பண்ணை வைத்திருந்தார், பதவியில் இருந்தபோதும் குதிரை வாங்கி விற்பதை விடவேயில்லை என்றார். பிரேக் பிடிக்காத டவுன் பஸ் மாதிரி என் வாய் ஓடியது.

"பிரபு நாடாளுமன்றத்தில் இருந்துகொண்டே குதிரை பேரம் நடத்தினார்."

அவ்வளவுதான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, விசில் பறந்தது. திண்டிவனத்துக்காரர்களுக்குக் குதிரை என்றால் இத்தனை பிரியமா என்று பூரித்துப்போன மார்கரெட், எதிராளியின் லாயத்திலிருந்து விலைக்கு வாங்கிவந்த ஒரு குதிரைதான் பிரபுவுக்கு நிறைய ஜெயித்துக் கொடுத்தது என்று உற்சாகமாகச் சேர்த்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அதையும் தமிழில் சொன்னேன்.

கவுன்சிலர் எழுந்தார். கறுத்துப்போன முகத்தோடு நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். கல்யாணம் போயிற்று, வேலையும் போயிற்று, இனி விழுப்புரம் பஸ்ஸில்கூட ஏற முடியாது என்று தோன்றியது. 

"ஒரு மாசமா பாக்கறவனெல்லாம் ஒரே கேள்விய கேட்டுக்கினு என்னிய பேஜாரு பண்ணிட்டானுங்க," என்று நிதானமாக ஆரம்பித்தார். "இன்னா பதில் சொல்றதுன்னு எனக்கும் தெரியல. இப்ப இந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. சீமையில, குதிரைப்பட ஆபீசரு, லார்டு, அவரே தாவிக்கீறாரு. லார்டு தாவலாம், கெடாருகாரன் தாவக் கூடாதாய்யா?"

கைதட்டல் ஓய வெகு நேரமானது. சிரித்தவர்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார். 

"ஏம்மா, தாவுனதுக்கு அப்புறம் அந்த லார்டு எலக்‌ஷன்ல ஜெயிச்சாரா?"

மார்கரெட்டிடம் கேட்டேன். முன்பைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார் என்றார். அதை மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் மொழிபெயர்த்தேன். மனிதர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறு வாரமே தட்டு வரிசையோடு வந்தார்கள். என் அப்பா தயங்கித் தயங்கி, நகை விஷயமாக என்று தொடங்க, "பேரம்ற பேச்சே வேணாங்க, ஏற்கெனவே நம்ம பேரு நாறிக்கீது" என்று கவுன்சிலர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். என் அப்பா நிம்மதியில் கொல்லைப்பக்கம் போய் அழுதார்.

இன்றுவரை எங்கள் வீட்டில் என் மகள் இட்லி கேட்டுவிட்டுத் தோசைக்கு மாறினால், "லார்டு தாவிட்டாரு" என்பார்கள். போன மாதம் மாமனார் வந்திருந்தார். இப்போதிருக்கும் கட்சியில் அவருக்கு மரியாதை போதவில்லையாம். டிஃபன் சாப்பிட்டபடி, யாரும் கவனிக்காத நேரம் பார்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த லார்டு மறுபடியும் பழைய கட்சிக்குப் போனாரா?"

இல்லை மாமா, சாகும்வரை அதே கட்சியில்தான் இருந்தாராம் என்றேன். பிட்ட இட்லியைச் சட்னியில் இரண்டு முறை புரட்டினார்.

"அந்த வெள்ளக்காரம்மாவ இன்னொரு வாட்டி நல்லா கேட்டுச் சொல்லும்மா. அவசரமில்ல, எலக்‌ஷனுக்கு இன்னும் டைம் கீது."