போஞ்சிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு

'முடியாது' என்று சொல்பவரை நம்பலாம். 'சரி' என்பவரையும் ஒருவிதமாக நம்பலாம். 'யோசிச்சுச் சொல்றேன்' என்கிற ரகம் ஒன்று இருக்கிறதே ஐயா, அதை நம்பவும் முடியாது, தலைமுழுகவும் முடியாது. அட்டனில் அச்சகம் வைத்திருந்த சிவசாமி அந்த ரகத்தின் தலைமகன்.

கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஆசைப்பட்டு ஒரு புத்தகமும் போட்டார். 'லயத்துக் காய்கறித் தோட்டம்'; லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பின்புறத்தில் காய்கறி போடும் வழி சொல்வது. எழுதியவர் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் டோரீன் டீச்சர். ஐந்நூறு பிரதியும் ஆறே மாதத்தில் பறந்துவிட்டன. வேறொருவராக இருந்தால் மறுநாளே மறுபதிப்புக்குக் காகிதம் வாங்கியிருப்பார். சிவசாமி யோசிக்கத் தொடங்கினார்.

யோசனை என்றால் லேசா? சலூனில் தலையைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்; தேத்தண்ணிக் கடையில் கேட்டார்; பஸ் கண்டக்டரைக் கேட்டார்; சாமி கும்பிட வந்த இடத்தில் பூசாரியைக் கேட்டார்; மண்வெட்டி பிடிக்கிறவர்களைத் தவிர அட்டனில் அத்தனை பேரையும் கேட்டார். யாராவது புத்தகம் தேடி வந்தால், "கேக்கிறவங்க எல்லாம் வாங்குறவங்களா?" என்பார். ஒரு வாரம் யாரும் வராவிட்டால், "பாத்தீங்களா, ஒருத்தரும் கேக்கல!" என்பார். இந்த நியாயத்தை எந்த வக்கீல் உடைப்பார்?

டீச்சருக்கோ வேறு கவலை. போஞ்சிப் பாத்திக்கு, அதாவது பீன்ஸ் பாத்திக்கு, 'ஒரு கைப்பிடி சுண்ணாம்பு' என்று அவர் எழுதியது, 'ஒரு கூடை சுண்ணாம்பு' என்று அச்சாகியிருந்தது. கொழுந்து பறிக்கும் வீரம்மா, வெளுத்துச் செத்த கொடியோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க எழுதுனதாச்சேன்னு நம்பித்தானே போட்டேன் டீச்சர்?"

பூமி பிளக்காதா என்றிருந்தது டீச்சருக்கு. அடுத்த சனிக்கிழமையே அட்டனுக்கு பஸ் ஏறி சிவசாமி முன்னால் போய் நின்றார்.

"ரெண்டாம் பதிப்பு போடுங்கய்யா. இல்லாட்டி ஒரு திருத்தத் துண்டாவது அடிச்சுக் குடுங்க."

"துண்டு அடிச்சா தப்பு இருக்குன்னு தெரிஞ்சிருமே டீச்சர்!"

"தெரியணும்னுதானே வந்திருக்கேன்?"

"யோசிச்சுச் சொல்றேன்."

மாதம் ஒருமுறை டீச்சர் போனார். மாதம் ஒருமுறை சிவசாமி யோசித்தார். இரண்டு வருடம் ஓடியது. கடைசியில் டீச்சர் பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் லயம் லயமாக ஏறி இறங்கி, கண்ணில் பட்ட புத்தகத்திலெல்லாம் 'கூடை'யை வெட்டிக் 'கைப்பிடி' ஆக்கினார். வீரம்மா முன்னால் போய், "போஞ்சிப் புத்தகம் வச்சிருக்கவங்க வெளிய வாங்க!" என்று கூவினாள். ஒரு புத்தகத்தைப் பத்து வீடு சுற்றிப் படித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. "எங்களுக்குன்னு ஒண்ணு கிடைக்காதா டீச்சர்?" என்று கேட்டவர்களின் பெயரே ஒரு கொப்பியை நிறைத்துவிட்டது.

கொப்பியோடு போய் நின்றார் டீச்சர். சிவசாமி முதல்முறையாக யோசிக்காமல் பதில் சொன்னார்.

"அதான் எல்லாப் புத்தகத்தையும் திருத்திட்டீங்களே, இனி மறுபதிப்பு எதுக்கு?"

டீச்சருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அதே கொப்பியோடு நேரே நுவரெலியாவுக்கு பஸ் ஏறி இன்னொரு அச்சகத்தில் கொடுத்தார். மூன்றாம் வாரம் புத்தகம் வந்தது. முதல் பிரதி வீரம்மாவுக்கு. அந்த மழைக்கு அவள் வீட்டுப் பின்புறம் போஞ்சி கூரை வரை ஏறியது.

சிவசாமியும் ஒரு பிரதி வாங்கினார். முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நானும் இதைப் போடத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பொய் இல்லை, சத்தியமான வார்த்தை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் மேசை மேல் பதில் எழுதாமல் ஒரு கடிதம் கிடக்கிறதே, அது எந்த மாதத்துக் கடிதம்?