தெருவை வளர்த்த சித்தர்

கெங்குவார்பட்டியிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். பெரியகுளம் சந்தைக்குக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். மாந்தோப்புக் காவல்காரன் தோப்பைக் குரங்குகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். எல்லாம் எதற்கு? எங்கள் ஊருக்குச் சங்கிலிக்கட்டுச் சித்தர் எழுந்தருளியிருந்தார்!

பேய் ஓட்டுகிற சித்தர் பழசு. இவர் பஞ்சாயத்து போர்டு நோட்டீசையே ஓட்டுகிறவர்.

சங்கதி இதுதான். தெருவில் நீட்டிக் கட்டிய சுவர்களை இடிக்க வேண்டும், ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளைக்குள் மனு கொடுக்கலாம் என்று போர்டார் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். 'இடிக்க வேண்டும்' என்பதை வாசித்து ஊரே அழுதது. 'மனு கொடுக்கலாம்' என்பதை வாசிக்க ஒருவர் கண்ணிலும் ஈரம் காயவில்லை. அழுகைச் சத்தம் சித்தருக்குக் கேட்காமல் இருக்குமா? மலையாளத்து மலையிலிருந்து இறங்கிவிட்டார்.

"சர்வேயர் தெருவை அளக்கிற சங்கிலியை மந்திரத்தால கட்டிப்போடுவேன். சுவர் தானாப் பின்னால நகரும். ஆனா எவனாவது மனு கொடுத்தா கட்டு அறுந்துபோகும், அறியாமோ?" என்றார்.

காணிக்கை, சுவருக்கு ஒரு பெட்டைக்கோழி. சித்தர் கறி தின்னமாட்டாராம். கோழிகள் அவரைத் தரிசிக்கத்தான் அவருடைய வண்டியில் ஏறினவாம்!

அற்புதத்தை நானும் பார்த்தேன். வாழைத்தோட்டக்காரர் சீனிச்சாமி வீட்டு வாசலில், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட சணல் கயிற்றால் தெருவின் அகலத்தைச் சித்தர் அளந்தார். பத்தொன்பது முடிச்சு. கயிற்றை மஞ்சள் தண்ணீர் அண்டாவில் அமுக்கி, உலை கொதிக்கிற நேரம் மந்திரம் சொன்னார். எடுத்து அளந்தால் இருபது முடிச்சு! சுவர் ஒரு முழம் பின்வாங்கிவிட்டதாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சீனிச்சாமி மட்டும், அடுப்பாங்கரை சின்னதாகிவிட்டதா என்று பார்க்க உள்ளே ஓடினார்.

அடுத்தது மாயக்காள் வீடு. பணியாரம் சுட்டு விற்கிறவள், புருஷன் இல்லை. முன்சுவரை ஒட்டித்தான் அடுப்பு. சுவர் போனால் அடுப்பு போச்சு. அடுப்பு போனால் இரண்டு பெண்பிள்ளைகளின் கஞ்சி போச்சு. அந்தச் சுவருக்கு மண் குழைத்தவன் நான். பழைய அஸ்திவாரத்தின் மேலேயே எழுப்பியது. வாசற்படி மட்டும் தெருவில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். எழுதி வாங்கிய மனு அவள் மடியில் இருந்தது.

கூட்டம் அவளை வளைத்துக்கொண்டது.

"ஏ மாயக்கா, மனுவைக் கிழிச்சுப் போடு. உன் ஒருத்தியால ஊர்ச் சுவரெல்லாம் விழுகணுமா?" என்றார் சீனிச்சாமி.

"கிழிக்கிறேண்ணே. அதுக்கு முன்ன, சாமி தன்னோட வண்டியை ஒருக்கா அளந்து காட்டட்டும்."

சித்தர் சிரித்தார். "வண்டிக்கு நோட்டீஸ் வந்துச்சா ஆத்தா?"

"வரலைல்ல? அப்ப அது நகர வேண்டிய சோலியே இல்ல. சும்மா அளங்க."

கூட்டத்துக்கும் ஆசை வந்துவிட்டது. காய்ந்த புதுச் சணல் கயிறு ஒன்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு இளவட்டங்களே அளந்தார்கள். வண்டியின் நீளம் பத்து முடிச்சு. மாயக்காள் அந்தக் கயிற்றைத் தன் வீட்டுப் பச்சைத்தண்ணீர்ப் பானைக்குள் அமுக்கினாள்.

"மந்திரம் வேணாம். சாமி வாயைத் திறக்காம அங்கன உக்காரட்டும்."

உலை கொதிக்கிற நேரம் சித்தர் வாய்மூடி இருந்தார். எங்கள் ஊரில் அவர் செய்த ஒரே தவம் அதுதான். கயிற்றை எடுத்து அளந்தார்கள். பத்து முடிச்சும் ஒரு சாணும்!

"ஆத்தாடி, வண்டி வளந்திருச்சுடீ!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு இருளம்மாள். "இன்னும் நாலு தடவை முக்குங்கடி, போடிக்குப் போற ரயிலுக்கே பெட்டி குடுத்துரலாம்!"

"பானையில தீட்டு..." என்று இழுத்தார் சித்தர்.

"தீட்டுமில்ல, கட்டுமில்ல. நனைஞ்ச கயிறு சுருங்கி, முடிச்சு கிட்டக்கிட்ட வந்துருச்சு. தெரு வளரவும் இல்ல, சுவரு நகரவும் இல்ல," என்றாள் மாயக்காள்.

கிணற்றில் கமலை கட்டி, கயிற்றால் தண்ணீர் இறைக்கிற ஊர் எங்களுடையது. நனைந்த கயிறு சுருங்கும் என்று தெரியாத ஆள் ஒருவரும் இல்லை. தெரிந்ததை நினைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அப்புறமென்ன? சித்தர் ஒரு பக்கம் ஓடினார், கோழிகள் ஒரு பக்கம் ஓடின. பாதிப் பேர் கோழிகளின் பின்னால் ஓடினார்கள். மாயக்காளும் இன்னும் சிலரும் மனுவோடு போர்டு ஆபீசுக்கு ஓடினார்கள்.

சர்வேயர் மறுபடி இரும்புச் சங்கிலியோடு வந்தார். மாயக்காள் தானே சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, பழைய அஸ்திவாரத்தைத் தோண்டிக் காட்டினாள். படியை மட்டும் வெட்டச் சொன்னார்கள். சுவர் நின்றது. அடுப்பு எரிகிறது.

மனுவே கொடுக்காத சீனிச்சாமியின் சுவர் விழுந்தது. மண்ணள்ளப் போன என்னிடம் காதோடு சொன்னார்: "ஏலே, அவன் போலி. காமயகவுண்டன்பட்டியில நெசமான சித்தர் ஒருத்தர் இருக்காகளாம். இரும்புச் சங்கிலியையே கட்டுவாகளாம்!"

தெருவில் நீட்டிக் கட்டிய சுவரை இடிக்கச் சட்டம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. தலைக்குள்ளே எவனோ கட்டிவிட்டுப் போன சுவருக்கு எந்த போர்டும் நோட்டீஸ் ஒட்டாது ஐயா. அதற்கு அவனவனே கடப்பாரை எடுத்தால்தான் உண்டு.