இரண்டு டிரைவர், இரண்டு தாடி

திங்கட்கிழமை சாயங்காலம் திரையில் இருபத்து நான்கு என்று வந்தது. பாவோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். காலையில் இன்னொரு டிரைவருக்குத் தாளில் குறித்து வைத்திருந்ததும் இருபத்து நான்குதான்.

இது நடக்கவே கூடாத காரியம். கெண்ட் நகர லினக்ஸ் சங்கத்தில் பதினோரு வருஷமாக ஒரே சண்டை. திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டை ஓட்டுவதற்கு, யார் வேண்டுமானாலும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த டிரைவர் மென்பொருள் உசத்தியா, கம்பெனிக்காரன் மூடி முத்திரை வைத்துத் தரும் டிரைவர் உசத்தியா? திறந்த கட்சிக்கு பாவோ தலைவன், மூடிய கட்சிக்கு ஹெர்ட். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சங்கம் ஒரு கார்டை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவோவின் கம்ப்யூட்டரில் பொருத்திவிட்டுப் போனது. நொடிக்கு அதிகப் படம் காட்டும் டிரைவர் ஜெயித்ததாகக் கணக்கு. தோற்ற கட்சித் தலைவன் சனிக்கிழமைக் கூட்டத்தில் தாடியை மழிக்க வேண்டும்.

பாவோவின் தாடி லேசுப்பட்டதல்ல. இருபது வயதில் விட்டது, நெஞ்சு வரைக்கும் வந்து நிற்கிறது. அதற்கடியில் இருக்கும் முகத்தை அவன் மனைவி மார்லேன்கூடப் பார்த்ததில்லை. அவனுக்கே மறந்துவிட்டது. அதை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது.

ஹெர்ட்டுக்குப் போன் போட்டான்.

"ரெண்டும் சமமா வருதுடா."

"எப்படி வரும்? நீ ஏதோ கோல்மால் பண்ணியிருக்க."

"வந்து நீயே பாரு."

தாடியை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஹெர்ட் பத்தே நிமிஷத்தில் சைக்கிளில் வந்து இறங்கினான். அவனே உட்கார்ந்து இரண்டையும் ஓட்டினான். இருபத்து நான்கு. இருபத்து நான்கு.

"சமமா வந்தா என்னன்னு நாம பேசவே இல்லையே," என்றான் பாவோ. பேசாமல் விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் ஆசை.

"ரெண்டு பேரும் மழிச்சுக்கலாம். எழுது."

"நிஜமாவா?"

"நாளைக்கே மாறிடும்டா. தைரியமா எழுது."

எழுதிச் சங்கத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை பாவோ லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலையே புதிதாகத் தயார் செய்து போட்டான். மூன்று மணி நேர உழைப்பு. இரண்டும் இருபத்து மூன்றுக்கு இறங்கின. புதன்கிழமை ஹெர்ட் கம்பெனி டிரைவரை வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி போட்டான். நடுவில் சிவப்பு எழுத்தில் ஏதேதோ ஓடியது.

"என்னவோ எச்சரிக்கை வருதே, படிக்க வேண்டாமா?" என்றான் பாவோ.

"அதெல்லாம் புதுசா வர்றவனுக்குடா. நமக்கெதுக்கு?"

இரண்டும் இருபத்து இரண்டு.

வியாழக்கிழமை, சூடுதான் காரணம் என்று முடிவு கட்டி எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார்கள். பிப்ரவரி மாதம். மார்லேன் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு சூப் குடித்தாள்.

"இந்தக் கூத்து இன்னும் எத்தனை நாளைக்கு?"

"சனிக்கிழமையோட சரி."

"தோத்தா நிஜமாவே எடுத்துடுவியா?"

"நான் ஏன் தோக்கறேன்?"

"இல்ல, யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு எனக்கும் பாக்கணும்போல இருக்கு."

பாவோவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஹெர்ட் வருவதற்குள் வேகம் கூடட்டும் என்று திறந்த டிரைவரின் உள்ளே புகுந்து நாலு வரியை மாற்றினான். யாரும் திருத்தலாம் என்பதுதானே அதன் பெருமை. பத்தொன்பது வந்தது. பதறிப்போய்க் கம்பெனி டிரைவரை ஓட்டினான். அதுவும் பத்தொன்பது. கூடப் பிறந்தவர்கள்கூட இத்தனை ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள். செய்த திருட்டுத்தனத்தை ஹெர்ட்டிடம் சொல்லவும் முடியவில்லை.

சனிக்கிழமை மதியம். மதுக்கடையின் பின்னறையில் முப்பது பேர், உருளைக்கிழங்கு வறுவலும் பீருமாக உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க மார்லேனும் வந்திருந்தாள். பாவோவின் கம்ப்யூட்டரை மேஜைமேல் வைத்து, எல்லோர் கண்ணெதிரிலும் கடைசியாக ஒருமுறை ஓட்டினார்கள். பத்தொன்பது. பத்தொன்பது.

எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். சங்கச் செயலாளர் யூஸ்ட் கத்தரிக்கோலையும் சவரக்கத்தியையும் எடுத்தார். கால் மணி நேரத்தில் இரண்டு தாடியும் தரையில் கிடந்தன. ஹெர்ட்டுக்கு இரட்டை மோவாய். பாவோவுக்கு மோவாயே இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. கன்னத்தில் காற்றுப் பட்டதும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதடா. சரிசமமாத்தான் தோத்திருக்கோம்," என்றான் ஹெர்ட்.

"கார்டைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நில்லுங்கப்பா, ஒரு படம் எடுத்துக்கறேன்," என்று யூஸ்ட் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினார். அப்படியே குனிந்து நின்றார்.

"இதுல கார்டே இல்லையே."

முப்பது பேரும் எழுந்து வந்து மேஜையைச் சுற்றி மொய்த்தார்கள்.

"அப்போ இந்த வாரம் பூரா படம் காட்டினது எது?" என்றான் பாவோ.

ஹெர்ட் உள்ளே எட்டிப் பார்த்தான். மழித்த முகம் வெளுத்துப்போயிற்று.

"ப்ராசஸருக்குள்ள இருக்கற குட்டிச் சிப்புடா. கார்டு இல்லேன்னா கம்பெனி டிரைவர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. நாம எதை ஓட்டினாலும் ஓடினது திறந்த டிரைவர்தான். ஆனா கார்டு எங்க போச்சு?"

மார்லேன் ஒரு வறுவலை எடுத்து சாஸில் தோய்த்தாள்.

"அதை ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கழட்டி என் கம்ப்யூட்டர்ல போட்டுக்கிட்டேன். நீங்க டிரைவரைத்தானே ஒப்பிடறதாச் சொன்னீங்க, அதுக்குக் கார்டு எதுக்கு?"